மச்சாள் தேர்ந்த தோட்டா

மச்சாளின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்த நீலத்தை நான் முதலில் கண்டது எங்கள் டோர்ட்மண்ட் வீட்டுக் குசினியில். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை. கையில்லாத சட்டை போட்டிருந்தார். மச்சாள் என் கணவரின் அக்கா, மருத்துவமனையில் தாதி; அவரும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவார். கணவர் பதறிப்போனார். "அக்கா, எங்க விழுந்தனீங்கள்?"

"விழேல்லையடா. துவக்கு உதைச்சது," என்றுவிட்டு மச்சாள் கத்தரிக்காய் வெட்டத் தொடங்கினார்.

கூட வேலை செய்த ஜெர்மன் தோழி ஒருத்தி காட்டுக்குக் கூட்டிப்போனதில் தொடங்கிய வேட்டை ஆசை அது. படித்து, பரீட்சை எழுதி, வேட்டை அனுமதியும் எடுத்துவிட்டார். எங்கள் சனத்தால் நம்பவே முடியவில்லை. கோயிலில் ஒரு மாமி, "பிள்ளை, பொலிஸ் ஒண்டும் சொல்லாதோ?" என்று காதுக்குள் கேட்டார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒஸ்ரிய நாட்டு எல்லையோரமுள்ள பவேரிய மலையில் செம்மான் வேட்டையாட வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. அங்கே ஒரு சரிவில் படுத்து, எதிர்ச்சரிவில் நிற்கும் மானைச் சுட வேண்டிவரும். அவ்வளவு தூரத்துக்கு எந்தத் தோட்டா? மச்சாள் சேர்ந்திருந்த வேட்டைச் சங்கத்தின் தலைவருக்கு யோசனையே தேவைப்படவில்லை: மக்னம். வெடிமருந்து கூட, வேகம் கூட, தொலைவிலும் அடி பலமாக விழும். தன் துவக்கையே கொடுத்துச் சுட்டுப்பார்க்கச் சொன்னார். அதன் உதைதான் தோளில் இருந்தது.

நீலம் ஆறிவிடும். மச்சாளை வருத்தியது வேறு. உதைக்கு அஞ்சி, விசையை அழுத்துமுன்பே கண் தானாக மூடிக்கொண்டது. குண்டு எங்கேயோ போனது. "சண்டைக்க ஊரில செல்லடிச்ச நேரம் எங்கட பசு காயத்தோட ஓடினதைப் பாத்தனான். நான் சுட்டு ஒண்டு அப்பிடி ஓடக் கூடாது," என்றார்.

கடைசியில் அவர் வாங்கியது ஆறரை மில்லிமீட்டர் தோட்டாவுக்கான பழைய துவக்கு ஒன்று. மெலிந்து நீண்ட குண்டு. காற்றில் அதிகம் விலகாது, தோளையும் நோகடிக்காது. செம்மானுக்குச் சட்டம் கேட்கும் பலமும் அதில் இருந்தது. தலைவர் சிரித்தார். மச்சாள் மிச்சக் கோடை முழுக்கப் பயிற்சி எடுத்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "தோட்டா முந்நூறு மீற்றர் போகும். நான் இருநூறுதான் போவன்."

மலைக்கு நானும் போனேன், தேநீர்ப் போத்தல் சுமக்க. விடிந்ததும் எதிர்ச்சரிவில் மான் வந்து நின்றது. மூச்சுப் புகையாகப் போனது. கொம்புகள் காய்ந்த மரக்கிளை போலிருந்தன. வழிகாட்டியாக வந்த வனக்காவலர் தூரம் அளந்துவிட்டு, "முந்நூறு. சுடுங்கள்," என்று ஜெர்மன் மொழியில் கிசுகிசுத்தார். மச்சாள் தலையாட்டி மறுத்தார். "இப்ப விட்டால் போய்விடும்," என்று வனக்காவலர் பல்லைக் கடித்தார். எனக்கும் அந்தரமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா? மச்சாள் என் பக்கம் திரும்பி, "எனக்கு ஏலாது, மச்சாள். கிட்டப் போவம்," என்றார்.

குட்டைப் பைன் புதர்களுக்குள் வயிற்றால் ஊர்ந்தோம். என் முழங்கால் இரண்டும் உரிந்தன. ஒரு கல் உருண்டபோது மான் தலை தூக்கியது. மூவரும் முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டோம். அது மறுபடி மேயத் தொடங்கியது. தூரம் இருநூறுக்குள் வந்ததும் மச்சாள் துவக்கைத் தன் முதுகுப்பையில் சாய்த்து, நெடுநேரம் அசையாமல் கிடந்தார். ஒரேயொரு வெடி. மான் இரண்டடி வைத்து, அப்படியே சாய்ந்தது. மச்சாள் துவக்கைக் கீழே வைத்து, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரோடு.

வேட்டை வாய்த்தவருக்குக் கொடுக்கும் வழக்கப்படி வனக்காவலர் ஒரு பைன் கொப்பை ஒடித்து நீட்டினார். தொப்பியில் செருக வேண்டியது; தொப்பி இல்லாததால் நான் அதை மச்சாளின் பின்னலில் செருகிவிட்டேன். அதைக் கண்டதும் கீழே மலைவிடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று வாழ்த்தினார்கள். வனக்காவலர் பியரோடு உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினார். அவர் கதையில், கிட்டப் போவோம் என்ற முடிவு அவருடையதாக இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கடியில் மச்சாள் என் காலை மிதித்து, "சொல்லட்டும், விடுங்கோ," என்றார்.

இரண்டாவது பியரில் மான் நின்ற தூரம் நானூறு மீற்றராகியது. மூன்றாவதில் ஐந்நூறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மச்சாள் மட்டும் முகத்தை வைத்த மாதிரியே வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "பொறுங்கோ மச்சாள். இன்னும் ஒண்டு குடிச்சாரெண்டால் மான் ஒஸ்ரியாவில நிக்கும்."