கொக்கியில் ஒரு முழம் மல்லிகை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இப்போதெல்லாம் என்னை முந்திக்கொண்டு போகும் பெரிய கார்களின் பின்பக்கத்தில் ஓர் இரும்புக் குமிழ் பளபளக்கிறது. இழுவைக் கொக்கியாம். எந்தக் காரும் எதையும் இழுத்து நான் பார்த்ததில்லை. மூக்குத்தி போலச் சும்மா மின்னுகிறது. அதைப் பார்த்தாலே என் கால் பரபரக்கும். ஒரு தரம் எதையாவது மாட்டி இழுத்துப் பாரேன், அப்புறம் தெரியும் சேதி என்று கத்தத் தோன்றும்.

எங்கள் வீட்டிலும் ஒரு கொக்கி இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், ஆவடி சேக்காடு, எனக்குக் கல்யாணமான புதிது. எஸ்.யூ.வி. என்ற பெயரெல்லாம் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஜீப், அவ்வளவுதான். என் கணவர் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் அதைவிடப் பழைய பச்சை தெரியும். கதவு கிடையாது. ஏறி உட்கார்ந்தால் காற்றும் மடியில் ஏறி உட்காரும். போ, போ, எங்கேயாவது போ என்று உடம்பு முழுக்க ஒரு கூச்சல். எனக்கு அது போதும்.

அத்தைக்குத்தான், என் மாமியாருக்கு, அதைக் கண்டால் ஆகாது.

"டீசல குடிச்சிகினு எரும மாதிரி நின்னுகினு கீது. காக்கா எச்சம் போடத்தான் லாயக்கு" என்பார், தினம் காலையில், வாசல் தெளிக்கும்போது, ஜீப்பின் மேலும் கொஞ்சம் தெளித்தபடி.

என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவர், இழுத்துப் போக வண்டி இருந்தால் சவாரி தருகிறேன் என்றார். இரண்டு சக்கரத்தில் நிற்கும் ஜெனரேட்டர், முன்னால் நீண்ட இரும்புக் கை, கையின் நுனியில் வளையம். வளையத்தை மாட்ட ஜீப்பில் கொக்கி வேண்டும். முதல் சவாரியே அத்தையின் தம்பி மகள் வரவேற்புக்கு, வெள்ளானூரில்.

அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பொண்ணு மேடை ஏறத்துக்குள்ள ஜெனரேட்டர் அங்க வந்துச்சுன்னா இந்தச் சனியன் ஊட்ல கெடக்கட்டும். வர்லேன்னா மறுநாளே வித்துடணும். இன்னா சொல்ற?"

"சரிம்மா" என்றார் என் கணவர். சொன்ன கையோடு வெளியே போய் ஜீப்பின் பானெட்டைத் தடவிக்கொடுத்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

கொக்கி மாட்ட மண்ணூர்பேட்டைக்குப் போனோம். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஜெனரேட்டரைச் சமமாக நிறுத்தி, வளையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார். நான்தான் முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றை வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"பம்பர்லயே அடிச்சிடேன் மாமே" என்றார் என் கணவர்.

"பம்பர்ல அடிச்சா பம்பர் மட்டும்தான் கல்யாணத்துக்குப் போவும், நீ ரோட்ல நிப்ப. கீழ அடிச்சட்டத்துல, சேசிஸ்ல, போல்ட் போட்டு இறுக்கணும். நீ குந்து."

பொறி பறந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிய இமைக்குள்ளும் மத்தாப்பு. திறந்தபோது ஜீப்புக்கு வால் முளைத்திருந்தது. கொக்கிக்கு மேலே ஒரு தாடை. வளையம் உள்ளே விழுந்ததும் தாடை மூடிக்கொள்ளும். மூடிய தாடை திறந்துவிடாமலிருக்கக் குறுக்கே ஒரு துளை, துளைக்குள் விரல் பருமனில் ஓர் இரும்புப் பின்.

"பின்னு இல்லாத கொக்கி முடிச்சு போடாத தாலி மாதிரி, அண்ணி" என்றார் வெல்டர் என்னிடம். "பாதுகாப்புக்கு ஒரு செயினும் மாட்டணும். அடுத்த வாரம் வாங்க."

பிறகு வெறும் மைதானத்தில் பழக்கம். முன்னால் இழுப்பது சுலபம், பின்னால் தள்ளுவதுதான் பேஜார். ஜெனரேட்டர் வலப்பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். என் கணவர் கையைக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு திண்டாடினார். எனக்கு உடனே பிடிபட்டது. அத்தையிடம் ஒரு காரியம் ஆகவேண்டுமானால் பேச்சை எதிர்ப்பக்கம் ஒடிக்கவேண்டும் என்று அதற்குள் கற்றிருந்தேனே.

வரவேற்பு நாள் வந்தது. சாயங்காலம் ஜெனரேட்டரைக் கொக்கியில் மாட்டினோம். பின்னைப் போட்டோம். வெல்டரும் வந்திருந்தார். நாங்கள் உடை மாற்ற உள்ளே போக, அவர் காபியோடு கூடத்தில் உட்கார, அத்தை தனியாக வண்டிக்குப் பின்னால் போனார். வண்டி பிடிக்காவிட்டாலும் சாமிக்கு வஞ்சனை கூடாதில்லையா. திரும்பி வந்து பார்த்தால் கொக்கிக்கு விபூதிப் பட்டை, குங்குமம், எலுமிச்சை, மிளகாய், சுற்றிலும் ஒரு முழம் மல்லிகை. மணப்பெண் தோற்றாள். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சை நசுங்கியது. கிளம்பினோம். அத்தை ஜீப்பில் ஏற மாட்டேன், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் ஓரமாக ஒரு வேகத்தடை. ஏறினோம், குதித்தோம்.

"இன்னா ஜோரா போவுது பாத்தியாமே! இஸ்துகினு போறதே தெரில" என்றார் என் கணவர்.

எனக்கும் பறப்பது போலத்தான் இருந்தது. முடி பறந்தது, முந்தானை பறந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நின்று கைகாட்டினார்.

"அண்ணாத்தே! உன் வாலு அங்கியே நின்னுகினு கீது!"

திரும்பிப் பார்த்தோம். ஜெனரேட்டர் வேகத்தடைக்கு அந்தப் பக்கம், மூக்கைத் தரையில் வைத்து, கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, யார் மீதும் எதன் மீதும் இடிக்கவில்லை.

ஓடிப்போய்க் கொக்கியைப் பார்த்தோம். தாடை திறந்திருந்தது. இரும்புப் பின் இருக்கவேண்டிய துளையில் மல்லிகைச் சரம் நுழைத்திருந்தது, பாதி அறுந்து. சேக்காட்டிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு ஜெனரேட்டர் வாழைநாரை நம்பி வந்திருக்கிறது.

"பின்னு எங்கமே?"

எனக்கு எப்படித் தெரியும்? குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் ஸ்க்ரூ டிரைவரைச் செருகலாம் என்றார். என் கணவர் செருகிப் பார்த்தார், துளையில் அது லொடலொடத்தது. வேண்டாமென்று உருவிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். வெயில் சரிந்துகொண்டிருந்தது.

"போச்சு. நாளைக்கு வித்துட வேண்டியதுதான்."

அப்போதுதான் அந்த மொபெட் வந்தது. ஓட்டியது வெல்டர். பின்னால், வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு சக்கர வண்டியில், பட்டுப்புடவையில், கண்ணை இறுக மூடியபடி அத்தை. உயர்த்திப் பிடித்த வலது கையில், வேல் மாதிரி, எங்கள் இரும்புப் பின். முழுக்க விபூதி.

பஸ்ஸுக்குக் கிளம்புமுன் நெற்றிக்கு விபூதி எடுக்கப் பூஜை அலமாரியைத் திறந்திருக்கிறார். உள்ளே பிள்ளையாருக்குப் பக்கத்தில், அவரே கொக்கியிலிருந்து உருவிக் கழுவிப் பொட்டு வைத்த இரும்புப் பின் நின்றிருக்கிறது.

"டேய்! சாமிகிட்ட வெச்சத எடுத்துகினு போவத் தெரியாது?" இறங்குமுன்பே சத்தம்.

"வெச்சேன்னு சொன்னியாம்மா நீ?"

"சாமிக்குப் படச்சத சொல்லுவாங்களாடா? பிரசாதம்டா அது! எடுத்துக்கறதுதானே!"

வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாலிய உருவிட்டுப் பூவ வெச்சு அனுப்பிச்சிட்டியேம்மா!"

பிறகு ஊர்கூடித் தேர் இழுத்த கதைதான். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாவும் உண்டு. ஜெனரேட்டரின் மூக்கை எல்லோருமாகத் தூக்கிப் பிடிக்க, ஜீப் பின்னால் வந்தது. "ஏல, வலத்தால ஒடில!" என்றது ஒரு திருநெல்வேலிக் குரல். "மெதுவா வாங்கோ, அவசரமில்லீங்" என்றது கோயம்புத்தூர். "நிறுத்துரா டேய்!" என்று அத்தை போட்ட அதட்டலில்தான் வண்டி நின்றது. வளையம் டக்கென்று விழுந்தது. பின்னை அத்தையே செருகினார். இழுத்துப் பார்த்தார், இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால்.

வெள்ளானூர் வரை திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். "வந்துகினு கீதா?"

"வந்துகினு கீது, அத்தை."

பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டரைத் தள்ளி நிறுத்தியதில் ஒரு வாழைமரம் மட்டும் லேசாகச் சாய்ந்தது. பெண் அப்போதுதான் மேடையின் முதல் படியில் கால் வைத்தாள். கரண்ட் அதற்காகவே காத்திருந்தது போலப் போயிற்று. இருட்டில் ஒரு கணம் எல்லோரும் ஆவென்றார்கள். பிறகு டுப்டுப்டுப் என்று எங்கள் ஜெனரேட்டர். சீரியல் பல்பெல்லாம் ஒன்றாகச் சிரித்தது.

"யாரு வண்டி இது, அக்கா?" என்று கேட்டார் அத்தையின் தம்பி.

"இன்னாடா கேள்வி இது? நம்ப ஊட்டு வண்டி."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

வீடு திரும்பி ஜெனரேட்டரைக் கழற்றியதும் அத்தை கை நீட்டிப் பின்னை வாங்கிக்கொண்டார். "இது எங்கிட்ட கெடக்கட்டும். வேணும்னா கேட்டு வாங்கிக்க." விற்பது பற்றி ஒரு பேச்சும் இல்லை.

அடுத்த வாரமே வெல்டர் அந்தப் பாதுகாப்புச் செயினையும் போட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ திருவிழா. சாவி என் கணவரிடம், இரும்புப் பின் பிள்ளையாருக்குப் பக்கத்தில். ஒவ்வொரு சவாரிக்கும் அலமாரி முன்னால் போய்க் கை நீட்டி நிற்பார். கிரீஸும் விபூதியும் குழைந்த அந்தப் பின்னைக் கொடுக்குமுன் அத்தை ஒரு கேள்வி கேட்பார்.

"செயினு மாட்டிட்டியா?"