கொச்சி – மெல்போர்ன் பதினோரு மணி நேரமாம்!

கொச்சியிலிருந்து மெல்போர்ன் எவ்வளவு தூரம் என்று தேடி வந்தவர்கள் முதலில் இதைப் படியுங்கள். 8,860 கிலோமீட்டர், விமானத்தில் பதினோரு மணி நேரம் என்று ஓர் இணையதளம் சொல்கிறது. சென்ற ஜூனில் அதை நம்பியவன் நான்.

என் தம்பி இறந்து ஆறு வருடம். அவன் மகள் ஷம்லா அங்கே நர்ஸ், அவளுக்கு நிக்காஹ். தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியத்தாதான் பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கட்டிக்கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் செய்வதாகத் தம்பியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு மாலை ஆறு மணிக்குப் பறந்தால், நாலரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, சனி காலை ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். அதை வைத்துத்தான் பதினோரு மணி நிக்காஹ் என்று முடிவு சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பிடித்துவிட்டார்கள். பிறகு பிராட்வேயில் டிக்கெட் எடுக்கப் போனால், நேரடி விமானமே கிடையாதாம்! இல்லாத விமானத்துக்கு நேரம் போட்டு வைத்திருக்கிறார்கள். கிடைத்தது சிங்கப்பூர் வழி, 46,000 ரூபாய். இறங்குவது சனி மாலை 7.10. முந்தின நாள் இடமில்லை. மண்டபத்திலும் வேறு நேரமில்லை.

வீட்டிலிருந்து கிளம்பியது வெள்ளி மதியம் 1.45க்கு, கொட்டும் மழையில். டாக்ஸி 1,400 ரூபாய். சுள்ளிக்கல்லில் வண்டி நகராமல் நின்றபோது டிரைவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"இக்கா, அது காக்கா பறக்கிற கணக்காக்கும்," என்று சிரித்தான். "காக்காய்க்கு நெடும்பாசேரி ஏர்போர்ட் இருபத்தேழு கிலோமீட்டர். நமக்கு நாற்பத்திரண்டு. இங்கயே அரை மணிக்கூர் போச்சு!"

படித்தவர்கள் எழுதாததை இவன் சொன்னான்.

சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம். அங்கே எட்டு மணி நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். காலை ஒன்பதுக்கு, மெல்போர்னில் சரியாகப் பதினொன்றுக்கு, சம்பந்தி போன் செய்தார்.

"பாய், ஆளுங்க எல்லாம் வந்தாச்சு. உங்களுக்குப் பதிலா கையைப் பிடிக்க ஒருத்தரை போன்லயே நியமிச்சிடுங்களேன். மார்க்கத்துல ஆகுமே?"

"மார்க்கத்துல ஆகும். எனக்கு ஆகாது."

அவர் போனை ஷம்லாவிடம் கொடுத்துவிட்டார். "பெரியத்தா, பிரியாணி ஆறினா ஆறட்டும். நீங்க வராம நான் சம்மதம் சொல்ல மாட்டேன். நானும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே?"

மண்டபத்தில் சாப்பாடு மட்டும் நடந்தது. இரண்டு மணிக்குக் காலி செய்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி வீட்டுக் கார் ஷெட்டில் பாய் விரித்து, பத்துப் பேர் குளிரில் விறைத்துக் காத்திருந்தார்கள்.

"பதினோரு மணி நேரம் ஆயிருச்சா, பெரியத்தா?" என்றாள் ஷம்லா. அழுதிருந்தாள்.

இரவு ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். டிக்கெட் கையில் வராமல் யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். இரண்டு நாள் முந்திப் போங்கள். ஜூனில் கம்பளி வேண்டும். அந்தத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒரு வரி பதிலில்லை. ஆகவே சரியான கணக்கை நானே போடுகிறேன்: மட்டாஞ்சேரி வீட்டுப் படியிலிருந்து மாப்பிள்ளையின் கை வரை, இருபத்தாறே முக்கால் மணி நேரம்.