நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி

கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த முதல் கோடையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரமடையில் நாளெல்லாம் தோட்டத்தில் திரிந்தவள் நான். இங்கே சமைக்க ஆள், துவைக்க ஆள். கணவர் மில்லுக்குப் போய்விட்டால் அறை அறையாக நடந்துகொண்டிருப்பேன்.

முன்னறையில் பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கி, மலையிலிருந்து லாரியில் இறக்கியது. சாயங்காலம் கணவர் தன் நண்பர்கள் இருவரோடு ஆடுவார். அப்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு குச்சியை எடுத்தேன். வெள்ளைப் பந்தை நடுவில் அடித்தால் நேராகப் போய் நேராகத் திரும்பியது. சற்று வலப்பக்கம் தள்ளி அடித்தால், சுழன்றுகொண்டே போய் ரப்பர் விளிம்பில் பட்டு வலப்பக்கமாக ஓடியது. எனக்கு ஆசை அடங்கவில்லை. இன்னும் ஓரமாக, இன்னும் ஓரமாக அடித்தேன். குச்சி வழுக்கிப் பந்து எங்கோ உருண்டது.

பந்தில் அடிக்க வேண்டிய இடத்தில் சாந்துப் பொட்டு வைத்து, தினமும் அடித்துப் பார்த்தேன். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி தூரம் வரைதான் குச்சி பிடித்தது. அதைத் தாண்டினால் வழுக்கல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். ஒரே அடி திரும்பத் திரும்பத் தவறியது. காப்பி கொண்டுபோன எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, ரொம்ப ஓரத்துல அடிக்கறீங்க. பாதிக்குள்ள வெச்சு அடிங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கெப்படி அம்மணி தெரியும்?”

மத்தியானங்களில் ஆடுவதைச் சொன்னேன். குச்சியை நீட்டினார். நான் அடித்த பந்து விளிம்பில் பட்டு வலப்பக்கம் திரும்பிச் சிவப்புப் பந்தைத் தொட்டது. அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து என்னோடு ஆடத் தொடங்கினார். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன்.

அப்படியும் என் தவிப்பு தீரவில்லை. சாயங்காலம் அவர்கள் ஆடும் சத்தம் உள்ளறை வரை கேட்கும். வழுக்கிய அடி எது என்று காதாலேயே தெரிந்துவிடும். அவர்களோடு நானும் ஆடட்டுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஒரு வாரம் போயிற்று. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த முறை நண்பர்களின் கார் வாசலில் நின்றபோது நான் உள்ளே போகவில்லை. குச்சியோடு மேஜையருகே நின்றேன். வந்தவர்கள் கணவரைப் பார்த்தார்கள்.

“அம்மணியும் ஆடுதுங்க,” என்றார் அவர்.

ஒருவர் சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.