டாக்டருக்கு முன்னால் ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் ஆடும் கிடையாது, மாடும் கிடையாது. ஆனால் ஆட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு நாளும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததில்லை. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பார்ப்பவர். பதனிட்ட ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்து அடுக்குவார். முதல் தரம் குறைந்த நாளில் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்து உண்ணியைத் திட்டுவார்.

“எல்லாம் உண்ணிக் கடிம்மா. ஊசி குத்துன மாதிரி தோலு பூரா புள்ளி. இதுல இன்னா ஷூ தைக்கிறது?”

பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ஒருமுறை கேட்டேன். “ஆடு உயிரோட இருக்கும்போதே அந்த உண்ணியை எடுத்திருந்தா?”

“அது நம்ம வேலையா? நம்மகிட்ட வர்றப்பவே வெறும் தோலாத்தான் வருது.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத பதிலை அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளும் நானில்லை. ஊரே ஆட்டுத்தோலால் சோறு தின்கிறது. ஆட்டுக்கு நோவு வந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வந்தது. காட்பாடியில் இன்ஜினியரிங், இல்லாவிட்டால் தோல் சம்பந்தமான படிப்பு என்று அப்பா இரண்டு வழி வைத்திருந்தார். நான் கால்நடை மருத்துவம் என்றேன். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மா, “அதுக்குப் பிடிச்சதைப் படிக்கட்டும்” என்று முடித்துக்கொண்டாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பொம்பளப் புள்ள போய் மாட்டுக்குப் பின்னால நிக்கணுமா?”

“பின்னாலயும் நிப்பேன், முன்னாலயும் நிப்பேன்” என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கலந்தாய்வில் இடம் கிடைத்தது. அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விடுதியில் விட்டார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொழிற்சாலையில் கேட்டவர்களிடமெல்லாம், “பொண்ணு டாக்டருக்குப் படிக்குது” என்று மட்டும் சொல்லிவைத்தார். டாக்டருக்கு முன்னால் இருந்த வார்த்தையை முழுங்கிவிட்டார்.

வேலூர்ப் பக்கத்தில் டாக்டர் என்றால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். நான் லீவில் வந்தால் பக்கத்து வீட்டு அக்கா பிரஷர் மாத்திரை அட்டையோடு வந்து நிற்பாள். அப்பாவோடு வேலை பார்க்கும் அவருடைய தோஸ்த், ஒரு பாய், முழங்கால் எக்ஸ்ரேயையே கொண்டுவந்துவிட்டார். “மாமா, உங்களுக்கு நாலு கால் இருந்தாத்தான் நான் பார்க்க முடியும்” என்றேன். விஷயம் புரிந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, வலிக்கவும் செய்தது. நான் பெருமைப்படுகிற ஒன்றுக்கு அவர் வெட்கப்பட்டார்.

படிப்பு முடித்து, காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஓர் அம்மா, இரை எடுக்காத வெள்ளாடு ஒன்றைப் பிடித்துவந்தார். நான் கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் தடவினேன். அவர் வெடுக்கென்று கயிற்றை இழுத்தார்.

“இன்னாம்மா, யாவாரி மாதிரி தடவுற? ஆடு விக்கிறதுக்கு இல்ல.”

என் கை அப்பாவின் கை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அந்த ஒரு தடவலிலேயே முடிக்கடியில் மிளகு மிளகாக உண்ணி அகப்பட்டுவிட்டது. ரத்தம் சுண்டி ஆட்டின் கண்ணிமை உள்பக்கம் வெளுத்துப்போயிருந்தது. மருந்து கொடுத்தேன், பட்டியையும் சுத்தம் செய்யச் சொன்னேன். சில நாளில் அந்த ஆடு தழையை இழுத்து இழுத்துத் தின்பதைப் பார்த்தபோது, நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது. அதன்பிறகு ‘மாட்டு டாக்டரம்மா’ என்பதுதான் அங்கே என் பெயர். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

போன மாதம் அங்கே உண்ணி ஒழிப்பு முகாம் போட்டோம். அப்பாவுக்கு லீவு. “சும்மா பார்த்துட்டுப் போறேன்” என்று பஸ் ஏறி வந்துவிட்டார். ஆடும் ஆளுமாக நல்ல கூட்டம். நான் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். வரிசையில் நின்ற அந்த ஏரிக்கரை அம்மாவின் ஆட்டின் கழுத்தில் அப்பா மெல்லக் கை வைத்தார். இத்தனை வருஷம் ஆட்டுத்தோலிலேயே இருந்த கை அது. உயிருள்ள ஆட்டை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. வழக்கம்போல வாலை நோக்கித் தடவிய கை பாதி முதுகில் நின்றது.

“சூடா இருக்குதே” என்றார், தனக்குத்தானே.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது. “யாரு நீங்க, யாவாரியா?”

நான் ஊசியோடு அப்படியே நின்றேன். என் வேலை தெரிந்தவர்கள்தான் அங்கே எல்லோரும். டாக்டரோட அப்பா என்று அவர் சொல்லியிருந்தாலே போதும்.

“இல்லம்மா. நான் மாட்டு டாக்டரோட அப்பா” என்றார், வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்கிற மாதிரி.

அந்த அம்மா கயிற்றைத் தளர்த்தினார். அப்பா மீதி முதுகையும் வால் வரை தடவினார்.