ஞானமுத்து அண்ணன் மேல் எனக்கு இருந்த பொறாமை

பால் வாங்கப் போன இடத்தில்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களுமாக நாம் வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் ஞானமுத்து அண்ணனின் படத்தைப் போட்டு, அதன் கீழே கைகூப்பும் படங்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நம்ப மாட்டாமல் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம், தூக்கத்திலேயே போய்விட்டாராம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அது அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. கடைசிவரைக்கும் இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படித் தூக்கம் இப்படி வாய்க்கிறது என்றுதான் நினைத்தேன்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் இதைப் படித்துவிட்டு அதிர்ச்சியடைய மாட்டீர்கள் என்று தெரியும். அண்ணன் மேல் எனக்குப் பொறாமை என்பது டெப்போவுக்கே தெரிந்த விஷயம். இறந்தவரைப் பற்றி எழுதும்போதாவது அதை மறைத்துவைக்கலாம்தான். மறைத்தால் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

எழுத வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது அடக்கத்தன்று. பந்தலில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், நம் ஆள்தான், பெயர் வேண்டாம், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரைய வருசக்கணக்காத் தின்னா நெஞ்சு தாங்குமாய்யா?"

நான் திரும்பினேன். "அவுக பிரஷர் மாத்திரையும் தின்னாக, சுகர் மாத்திரையும் தின்னாக. அதையெல்லாம் ஏன்யா சொல்லல? நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு போன வருசமே டாக்டரு சொன்னது ஒமக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் வீட்டில் அந்த மாத்திரை இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு அவர்களில் ஒருவர் மறுநாளே அதைத் தூக்கியெறிந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஆகியிருக்கிறது.

பொறாமை தொடங்கியது ரோட்டில்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக வீரசோழன் போகிற வண்டியை அவரும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். அதே வண்டி, அதே ரோடு, அதே குழிகள். ஆனால் நோன்பு மாதம் வந்தால் வீரசோழனில் ஒரு பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். கஞ்சி கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு அண்ணன் வரலையா?" என்று கேட்பார். பிறகு மனசு கேட்காமல் என்னிடமே கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கஞ்சியை நான் ஒருநாளும் ருசித்துக் குடித்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு அந்த நோய் வந்தபோது அது நோய் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் பேச்சைக் குறைத்தார். கொண்டு வந்த சாப்பாட்டைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனார். ஒருநாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஸ்டார்ட் செய்தவர், கியர் போடாமல் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு முன்னால் போனால், அண்ணனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் சண்டை உண்டா, இல்லை. பிள்ளைகளால் தொல்லை உண்டா, அதுவும் இல்லை. காரணம் ஒன்றும் இல்லாததுதான் எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது.

விருதுநகரில் ஒரு மனநல டாக்டரிடம் போய்விட்டு வந்தவர், ஓய்வறையில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்: "மனச்சோர்வுன்னு சொல்லிருக்காக. மாத்திரை குடுத்துருக்காக. ஆரம்பத்துல தூக்கக் கலக்கமா இருக்கலாமாம், தல சுத்தலாமாம். அது எனக்கு எப்பிடி ஒத்துக்கிருதுன்னு தெரியிற வரைக்கும் நான் வண்டியெடுக்க மாட்டேன். பின்னாடி இத்தன சனத்த உக்கார வச்சுக்கிட்டுப் பரிச்சையா பாக்க முடியும்?"

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வண்டியும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. "சும்மா உக்காந்து சம்பளம் வாங்க இதுவும் ஒரு வழிதான்" என்று சத்தமாகச் சொன்னது நான்தான். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "எடம் இருக்குலே, நீயும் வாயேன்" என்றார்.

அவர் தேறியது ஒரே நாளில் இல்லை. முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டுகிறது என்று மோரும் சோறுமாகச் சாப்பிட்டார். மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் பழைய கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் தூங்கிய தூக்கம் இருக்கிறதே! மத்தியான இடைவேளையில் ஓய்வறை பெஞ்சில் துண்டை விரித்துப் படுப்பார். வெளியே ஹாரன், உள்ளே சீட்டாட்டச் சத்தம், மின்விசிறி வேறு ஓடாது. அவர் பாட்டுக்குத் தூங்குவார். பக்கத்து பெஞ்சில் நான் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். எனக்கு அப்போதே தூக்கம் போய்விட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

திருச்சுழி தாண்டி ஒருநாள் எனக்கு அது வந்தது. வண்டி நிறைய ஆள், மேலே மிளகாய் மூட்டை. நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது, கை வேர்த்து வழுக்குகிறது, மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கண்மாய்க் கரையோரம் கருவேல மரத்துக்குக் கீழே ஓரங்கட்டிவிட்டு இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். நெஞ்சுவலி என்று நினைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருதயம் நன்றாக இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். எனக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது. ஞானமுத்து போன பாதையில் நானும் போவதா?

ஆனால் அவருடைய தூக்கம் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தேன். தனியாக இருக்கும்போது அவரிடம் கேட்டேன்: "அண்ணே, ஒங்க மாத்திரையில ஒரு அட்டை குடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான. நான் எதுக்குத் தனியா அங்கிட்டுப் போகணும்?"

அவர் யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னவர் இல்லை. டீ, பீடி, மாற்றுச் சட்டை, லீவு நாள் எல்லாம் கொடுப்பார். அன்றைக்கு, "தர மாட்டேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏலே, எனக்கு எடுத்த அளவு ஒனக்கு எப்பிடிச் சேரும்? நீ பிரஷருக்கு வேற மாத்திரை திங்கிற, சாயங்காலமானா ஊத்திக்கிற. அதெல்லாம் டாக்டருக்குத் தெரியணும்ல. நாளைக்கு லீவு போடு, நான் கூட வாரேன்" என்றார். மாத்திரைகூடத் தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார், நான் தேறி வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறார் என்று வீட்டில் போய்த் திட்டினேன். என் மனைவி வள்ளி, "அவுக கூட வாரேன்னு சொல்றாகள்ல, பேசாமப் போங்க" என்றாள். அவளும் அவர் கட்சிதான்.

மல்லாங்கிணறு வழியாக விருதுநகர் போகிற வண்டியில் இருவரும் பயணிகளாகப் போனோம். டாக்டர் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குடிப்பேனா, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் போன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அந்த எண்ணம் கூடினால் அடுத்த தேதிவரைக்கும் காத்திருக்காமல் உடனே வர வேண்டும், மாத்திரையை வள்ளி கையில் கொடுத்துவைக்க வேண்டும், குடிக்கக் கூடாது, ஒருவேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது, நன்றாகிவிட்டது என்று நானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் அம்மா சொன்னார். தலையாட்டினேன். எனக்கும் சில வாரம் டைம் கீப்பர் அறை கிடைத்தது. ஓய்வறையில் மற்றவர்கள் சிரித்தார்கள், அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது. மாசக்கணக்கில் நெஞ்சு அடங்கிக் கிடந்தது. அங்கேயாவது நான் சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் இன்னும் மாத்திரை போடுகிறாரே, நான் நிறுத்திக் காட்டினால் என்ன என்று புத்தி போயிற்று. ஒரு விஷயத்திலாவது அவரை முந்த வேண்டும் எனக்கு. வள்ளி கொடுத்த மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லையில் போய்த் துப்பினேன்.

சில நாளில் தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. கிறுகிறுப்பு, காரணமில்லாத கோபம். ஒரு பாட்டியம்மா இறங்க நேரமாக்கினார் என்று கத்தினேன், பிறகு வீட்டுக்குப் போய் அழுதேன். நரிக்குடியில் எதிர்வண்டியில் வந்த அண்ணன் என்னைப் பார்த்தார். இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று மெதுவாகக் கேட்டார்: "மாத்திரைய விட்டுட்டியாலே?"

"ஒங்களால முடியாதத நான் செஞ்சுட்டேன்ல" என்றேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. கை நடுங்க, கண் சிவக்க உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்கிறேன்.

"வெளங்காதவனே, நீ டிரைவரு தான? ஓடுற வண்டியில ஒரேயடியா பிரேக்க மிதிச்சா நிக்கிற சனமெல்லாம் விழுகாதா? நிப்பாட்ட வேணாம்னு நான் சொல்லல. டாக்டரு சொல்லட்டும், கொஞ்சங் கொஞ்சமா நிப்பாட்டு" என்றார். அன்றைக்கு அந்த வண்டியை நான் எடுக்கக் கூடாது என்று டெப்போவுக்குப் போன் போட்டு மாற்று டிரைவர் வரும்வரைக்கும் என்னோடு உட்கார்ந்திருந்தார். தன் வண்டியில் இருந்தவர்களிடம் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். அவர்கள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிலும் எனக்குப் பொறாமை.

மறுபடி டாக்டரிடம் போய், மறுபடி தொடங்கி, வருஷம் தாண்டி, டாக்டர் அம்மாவே அளவைக் குறைத்துக் குறைத்து ஒருநாள் போதும் என்று சொன்னார். அன்றைக்கு அண்ணன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். என்னை விட அவருக்குத்தான் சந்தோஷம் என்று நீங்களெல்லாம் சொன்னீர்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆரோக்கியம் மதினி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பந்தலில் நான் சத்தம் போட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறார். "அவுகளுக்காகப் பேசுனீகளாம்ல" என்றார். பிறகு சொன்னார்: "ஒங்களுக்கு மாத்திரைய நிப்பாட்டுன அன்னைக்கு இங்க வந்து சாப்பிட மாட்டேன்னுட்டாக. என்னன்னு கேட்டா, ‘கருப்பையாவுக்கு முடிஞ்சுருச்சு ஆரோக்கியம், எனக்கு மட்டும் தெரும்பத் தெரும்ப வருது, டாக்டரு தொடர்ந்து போடச் சொல்றாக. அவனப் பாத்தாப் பொறாமையா இருக்கு’ன்னு வாய்விட்டுச் சொன்னாக. சொல்லிட்டு அழுதாக."

"அப்புறம் மதினி?"

"அப்புறம் என்ன. காலைல எந்திரிச்சாக, மாத்திரையப் போட்டாக, டூட்டிக்குப் போனாக."

எத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்ட வார்த்தை அது! ஞானமுத்து அண்ணன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். யாரிடமாவது போய்ப் பீற்றிக்கொள்ள வேண்டும். பீற்றிக்கொள்வதற்கு எனக்குத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான். மதினிக்கு முன்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

அவருக்கும் எனக்கும் வந்தது ஒரே பொறாமைதான். அதை வைத்துக்கொண்டு நான் மாத்திரையைக் கொல்லையில் துப்பினேன். அவர் அழுது முடித்துவிட்டு, காலையில் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் எதிரே சிரித்தபடி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலையைத்தான். நண்பர்களே, அவர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, நெஞ்சுக்குள் பழைய தடதடப்பும் தலைகாட்டுகிறது. துக்கமாகத்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று வள்ளியிடம் சொல்லிப் பார்த்தேன். நேற்று நானே டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வள்ளி கூட வருகிறேன் என்கிறாள். வரட்டும். ஆனால் டாக்டர் அம்மா அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது, நான் சொல்லாமலே எழுந்து வெளியே போகத் தெரிந்த ஆள் இனி எனக்கு இல்லை.