டேப் சுற்றிய நாற்காலி

காரின் டிக்கியைத் திறந்ததும் லொரெட்டா குசேரா முதலில் எடுப்பது நாற்காலியைத்தான். வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த மர நாற்காலி. பின்னங்கால் ஒன்றில் சாம்பல் நிற டேப் சுற்றியிருக்கும். அதைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி டப்பாவுடன், வலது முட்டியைச் சற்று இழுத்தபடி கல்லூரியின் பின்வாசலில் நுழைவார். உள்ளேயும் நாற்காலிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சக்கரம். “அதுல ஏறி நின்னா நேரா ஆஸ்பத்திரிக்கு உருட்டிட்டுப் போயிடும்” என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

பதினெட்டு வருடமாகப் பாடம் எடுத்தும் அந்தக் கட்டடத்தில் அவருக்கென்று ஓர் அறை இல்லை. பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் வருகிற ஆசிரியர்களுக்கு அறையும் கிடையாது, மருத்துவக் காப்பீடும் கிடையாது. டிக்கிதான் அலுவலகம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா குளிரில் பேனா மை உறைந்துபோகும் என்பதால் எழுதுவது எல்லாம் பென்சிலில்.

மாணவர்கள் ஊர் ஓரத்து மாட்டிறைச்சி ஆலையில் முதல் ஷிப்டு முடித்து, குளித்து, ஈரத்தலையோடு வருகிறவர்கள். குவாத்தமாலாக்காரர்கள், சோமாலியர்கள், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள். நாள் முழுக்கக் கத்தி பிடித்து வீங்கிய விரல்களால் பென்சிலையும் கத்தி போலத்தான் பிடிப்பார்கள். குவாத்தமாலாக்காரர்கள் ஸ்பானிய மொழியில் டீச்சர் என்பதற்கு ‘மேஸ்ட்ரா’ என்று கூப்பிடப்போய், இப்போது மொத்த வகுப்புக்கும் அவர் மேஸ்ட்ராதான்.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லை நம்பக் கூடாது என்பது லொரெட்டாவின் முதல் பாடம். “‘கெட்’னா ஒண்ணுமே இல்ல. ஆணியில தொங்குற வெறும் கோட்டு. உள்ள யாரு நுழையறாங்கன்னு பின்னாடி வர்ற பொடிசுங்கதான் சொல்லும்.” அப், டவுன், இன், அவுட், ஆஃப், ஓவர். அந்தப் பொடிசுகளை அவர் கரும்பலகையில் எழுதுவதில்லை. ஆளை நாற்காலி மேல் ஏற்றுவார், இறக்குவார், அதன் பின்னால் போகச் சொல்வார், அடியிலிருந்து வெளியே வரச் சொல்வார். மீசை நரைத்த ரூபன் ஷோலோம் நாற்காலிக்கடியில் தவழும்போது வகுப்பே சிரிக்கும். “ஆலையில இடுப்பு வலின்னு லீவு கேட்டியே, இங்க எப்படி வளையுது?” என்று சோமாலியப் பெண் ஃபார்டோசா கேட்பாள்.

சிரிப்புக்காக வந்ததல்ல அந்த நாற்காலி. லொரெட்டாவின் முதல் வருடத்து மாணவன் ஒருவனைப் பார்த்து ஆலை மேஸ்திரி, “கெட் அவுட் ஃப்ரம் அண்டர் தேர்” என்று கத்தினார். அடியிலிருந்து வெளியே ஓடு என்று அர்த்தம். ஐந்து சொற்களில் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட அவன், எதையோ எடுக்கச் சொல்கிறார் என்று குனிந்தான். கொக்கியிலிருந்து நழுவிய அரை மாடு அவன் தோளில் விழுந்தது. அடுத்த வகுப்புக்கு லொரெட்டா சமையலறையிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

‘பிக் அப் த பாக்ஸ்’, பெட்டியைத் தூக்கு என்பதில் பெட்டிக்குப் பெயர் இருக்கும்வரை அது ‘அப்’புக்கு முன்னாலும் நிற்கலாம், பின்னாலும் நிற்கலாம். ‘அது’ என்று சொல்லிவிட்டால் ‘பிக் இட் அப்’, நடுவில்தான். இதை ஒவ்வொரு பருவத்திலும் ஒரே விதமாகச் சொல்வார்: “பேர் இருக்கறவங்க எங்க வேணா நிக்கலாம். அது, அவன், அவங்கன்னு ஆயிட்டா நடுவுல மாட்டிக்கணும்.” பிறகு சன்னலுக்கு வெளியே தன் காரை ஒரு பார்வை பார்ப்பார்.

போன வசந்தத்தில் கல்லூரி ஒரு நிரந்தரப் பணியிடத்தை அறிவித்தது. காப்பீட்டோடு வரும் பணி. லொரெட்டாவின் முட்டியில் எலும்போடு எலும்பு உரசுகிறது. அறுபத்தைந்து வயதில் வரும் அரசாங்கக் காப்பீடு கிடைக்க இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. விண்ணப்பித்தார். தேர்வுக் குழுவுக்கு முன்னால் ஒரு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். குழுவில் மூன்று பேர். துறைத்தலைவி கெய்ல் ஹாஃபர்ட், கணக்குப் பேராசிரியர் ஒருவர், மூன்றாவது மரிசோல் டெ லியோன்.

மரிசோலும் அந்த நாற்காலியில் ஏறி இறங்கியவள்தான். ஆலையில் குடல் கழுவிக்கொண்டிருந்தவள், லொரெட்டாவின் வகுப்பில் தொடங்கிப் பட்டம் வரை போனாள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. இப்போது இதே கல்லூரியில் மாணவர் ஆலோசகர். பட்டமளிப்பு அன்று லொரெட்டா தன் கோட்டைக் கழற்றி அவள் அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, நடுங்கியபடி நின்று கைதட்டினார். குழுவில் அவள் பெயரைப் பார்த்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு வலி மாத்திரை இல்லாமல் தூங்கினார்.

அதனால்தான் அவர் வேறெதுவும் தயாரிக்கவில்லை. நாற்காலியைக் கொண்டுபோனார். கணக்குப் பேராசிரியரை ஏற்றி இறக்கினார். கெய்ல் சிரித்தாள். மரிசோல் சிரிக்கவில்லை. முடிந்ததும் அவள்தான் கேட்டாள். லொரெட்டா கற்றுக்கொடுத்த, ஒரு பொடிசுகூட இடம் பிசகாத ஆங்கிலத்தில்.

“இந்த நாற்காலிப் பாடத்துல நீங்க சொல்லிக்குடுத்தது எல்லாமே உத்தரவுதானே மேஸ்ட்ரா? ஏறு, இறங்கு, வெளிய வா. நாங்க திருப்பிச் சொல்றதுக்கு ஏதாச்சும் சொல்லிக்குடுத்தீங்களா?”

ஆலையில் தோள் நொறுங்கியவனைப் பற்றி லொரெட்டா சொல்லியிருக்கலாம். ஆனால் அவனும் அங்கே நிற்கச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல்தானே அந்த மாட்டுக்கடியில் போய் நின்றான் என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது. டேப் பிரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுபோல் நாற்காலிக் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பணியிடம் ஓர் இளைஞருக்குப் போனது. அந்த ஊரில் ‘இல்லை’ என்று யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கெய்ல் வண்டி நிறுத்துமிடம் வரை கூடவே நடந்து வந்து, முட்டியை விசாரித்து, அன்றைக்குக் கொலாச்சி எவ்வளவு மெத்தென்று இருந்தது என்றாள். டிக்கி மூடிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“புதுசா வர்றவருக்கு எது எது எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டிடு லொரெட்டா. உன்னைவிட யாருக்குத் தெரியும்?”

காட்டினார். நகலெடுக்கும் இயந்திரத்தை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்பது உட்பட. அந்த இளைஞரின் அறைக் கதவில் பெயர்ப்பலகை ஏற்கெனவே மாட்டியிருந்தது. தாழ்வாரத்தில் எதிரே வந்த மரிசோல் நின்று, “உங்கள நோகடிக்கணும்னு கேக்கல மேஸ்ட்ரா. ஆனா பொய்யாவும் கேக்கல” என்றாள். “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு லொரெட்டா நடந்தார். மன்னித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. கேள்வி சரியானது என்பதுதான் பொறுக்கவில்லை. அதைக் கேட்க ஆங்கிலம் கொடுத்ததும் தானே என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் வழக்கம்போல நாற்காலியை நடுவில் வைத்தார். வழக்கம்போல ரூபன் எழுந்து வந்தார். லொரெட்டா அவரைக் கையமர்த்திவிட்டு, மேசையைப் பிடித்து, முட்டி கடகடக்கத் தானே நாற்காலி மேல் ஏறி நின்றார். ஈரத்தலைகள் எல்லாம் நிமிர்ந்தன.

“இன்னைக்கு நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்” என்றார். “எது வேணும்னாலும்.”

ஃபார்டோசா தன் முக்காட்டின் ஓரத்தைத் திருகினாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அத்தனை பேருக்கும் சொற்கள் தெரியும். ஏறு தெரியும், இறங்கு தெரியும், அங்கிருந்து வெளியே வா தெரியும். மேஸ்ட்ராவுக்கு உத்தரவிட மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. லொரெட்டா காத்திருந்தார். கனத்தில் நாற்காலி ஒரு பக்கமாக ஆடியது.

ரூபன் மெதுவாக முழங்காலிட்டு உட்கார்ந்து, டேப் சுற்றிய காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.