சிவப்பு மையில் வந்த உத்தரவு

எங்க ஊர்க் கண்மாய் மடை உடைஞ்சு தண்ணி வீணா ஓடுதுன்னு தாலுகா ஆபீசுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். வெள்ளைக்காரன் போய் ஆறு வருசம் ஆச்சு. ஆனாலும் தமிழ்ல எழுதினா அங்கன யாரும் தொடமாட்டாக.

இன்னைக்கு மனு திரும்பி வந்துச்சு.

தாளெல்லாம் சிவப்பு மை. பெரிய அதிகாரிதான் சிவப்பு மையில எழுதுவாருன்னு, இங்கிலீஷ் தெரியாத சித்தப்பாவுக்கு அதைப் பார்த்ததும் சந்தோசத்துல தலைகால் புரியலை. "ஏலே, உத்தரவு ஆயிருச்சு!"ன்னு ஊரையே கூட்டிட்டாரு. பத்துப் பேர் மண்வெட்டியோட வந்து நின்னாக.

வாங்கிப் பார்த்தேன். குமாஸ்தா எட்டு இடத்துல கமா போட்டிருக்காரு, ரெண்டு இடத்துல முற்றுப்புள்ளி. அடியில, 'திருத்தி எழுதி மறுபடி அனுப்பவும்.'

மடையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

"இதெல்லாம் சரியாப் போட்டுக் கொடுத்தா மடையைக் கட்டித் தருவாகளா?"ன்னு சித்தப்பா கேட்டாரு.

"அது தெரியாது சித்தப்பா. ஆனா, முடியாதுன்னு சொன்னாலும் கமா, புள்ளி தப்பாமச் சொல்லுவாக."

பத்துப் பேரும் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா மடைக்கே போயிட்டாக. சாயங்காலத்துக்குள்ள அடைச்சிருவாக.

படிச்சவன் நான் மட்டும் வீட்டுல உக்காந்து கமா போட்டுக்கிட்டிருக்கேன்.

உங்க ஊர் மனுவுல எத்தனை கமா குறைஞ்சுச்சு? எனக்கு ஒரு தபால் கார்டு போடுங்க.